ஜார்ஜ் டவுனில் ராத்திரி யார் தூங்குகிறார்கள்?

ஆகஸ்ட் 18, 2024, காலை

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர் தெருக்களை எவ்வளவு அழகாக வைத்திருக்கிறார்கள்! நம்ம சென்னை ஜார்ஜ் டவுனும் பழைய ஊர்தானே. செத்துக் கிடக்கிறதே, அதை உயிர்ப்பிக்க ஒருத்தருக்கும் அக்கறை இல்லையா?"

செத்துக் கிடக்கிறதா? கடைசியாக எப்போது போனீர்கள்? திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குக் கோடவுன் தெருவின் இந்த முனையில் நுழைந்து, தோளில் யாருடைய துணி மூட்டையும் இடிக்காமல் அந்த முனையில் வெளியே வந்து காட்டுங்கள், அப்புறம் பேசலாம். கல்யாணப் பத்திரிகைக்கு ஆண்டர்சன் தெரு, நோட்டு பேனாவுக்குப் பந்தர் தெரு, கெமிக்கலுக்கு நைனியப்ப நாயக்கன் தெரு, பூவுக்குப் பத்ரியன் தெரு. சென்னையில் எந்தக் கடைக்காரரைக் கேட்டாலும் "சரக்கு பாரீஸ்ல எடுத்தது" என்பார், பாரீஸ் என்றால் இதே பாரிமுனை, ஜார்ஜ் டவுன்தான். இதைப் போய்ச் செத்த ஊர் என்றால் என்ன சொல்வது.

நான் மண்ணடியில் பிறந்தவன். லிங்கிச் செட்டித் தெருவிலிருந்து பிரிகிற ஒரு சந்து. பத்தொன்பது வயது வரைக்கும் அங்கேதான். 1987-ல் வில்லிவாக்கம் வந்தோம். அதனால் கொஞ்சம் கோபம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 18, மாலை

காலையில் எழுதியது அரைகுறை. உயிர்ப்பிப்பது என்றால் எந்த ஊரை என்று முதலில் கேட்க வேண்டும், ஏனென்றால் இது ஏற்கெனவே ஒருமுறை பெயர்த்து வைக்கப்பட்ட ஊர்.

வெள்ளைக்காரர்கள் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்க, நம்மவர்கள் வெளியே குடியிருந்த பகுதிக்குக் கறுப்பர் நகரம் என்று பெயர். முதல் கறுப்பர் நகரம் கோட்டை மதிலை ஒட்டி, இப்போது ஹைகோர்ட் நிற்கிற இடத்தில் இருந்தது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தபோது கோட்டைக்குப் பக்கத்து வீடுகளை இடித்தார்கள். 1749-ல் திரும்பக் கைக்கு வந்ததும் இங்கிலீஷ்காரர்கள் யோசித்தார்கள்: எதிரி மறைந்து நின்று சுட வீடுகள் இருக்கக் கூடாது. மிச்சத்தையும் இடித்து வெட்டவெளி ஆக்கினார்கள். பட்டணத்துப் பெரிய கோயிலும் 1757-ல் போனது. அதற்கு மாற்றாகக் கிடைத்த இடத்தில் எழும்பியதுதான் பூக்கடை பக்கத்தில் இருக்கிற சென்ன கேசவப் பெருமாள், சென்ன மல்லீஸ்வரர் ஜோடிக் கோயில். மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று கட்டியது.

வெட்டவெளிக்கு எல்லை காட்ட 1773-ல் கல்தூண்கள் நட்டார்கள். அதில் ஒன்று மட்டும் பாரிமுனையில் டேர் ஹவுஸ் வளாகத்துக்குள் இன்னும் நிற்கிறது. அதைத் தாண்டிக் கோட்டைப் பக்கம் யாரும் வீடு கட்டக் கூடாது என்று அர்த்தம். நம் தாத்தாக்களின் தாத்தாக்கள் குடியிருந்த இடத்தில் நம்மையே "வராதே" என்று சொன்ன தூண் அது. நான் எட்டாவது படிக்கும்போது அதன் நிழலில் நின்று ஐஸ் வாங்கித் தின்றிருக்கிறேன். பீரங்கிக்கு ஒதுக்கிய நிலம் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 19

ஒருவர்: "கறுப்பர் நகரம் என்ற கேவலமான பெயரை மாற்றி ஜார்ஜ் டவுன் என்று வைத்தார்களே, அது முன்னேற்றம் இல்லையா?"

வேல்ஸ் இளவரசர் வந்துவிட்டுப் போனார் என்று 1906-ல் வைத்த பெயர் அது, பிற்பாடு ஐந்தாம் ஜார்ஜ் ஆனவர். அதே வருஷம் அக்டோபரில் கடற்கரைச் சாலையில் அர்பத்நாட் கம்பெனி திவாலாகி ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பு போனது. அந்த ஆத்திரத்தில் பிறந்ததுதான் இந்தியன் வங்கி, 1907. ராஜா பெயர் வந்த வருஷம் ரொக்கம் போயிற்று என்று என் அப்பா சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் வீட்டில் ஒருத்தரும் ஜார்ஜ் டவுன் என்று சொன்னதில்லை. மண்ணடி, பாரீஸ், சவுகார்பேட்டை, தங்கசாலை, அவ்வளவுதான். ஜார்ஜ் டவுன் என்பது தபால்காரர் பாஷை.

ஆகஸ்ட் 22

இன்று மெட்ராஸ் டே. 1639 ஆகஸ்ட் 22-ல் இங்கிலீஷ்காரர்களுக்கு இந்த இடத்தை எழுதிக் கொடுத்ததாகக் கணக்கு. அரண்மனைக்காரத் தெருவில் கழுத்தில் கேமரா மாட்டிய ஒரு கூட்டத்தைப் பார்த்தேன். நல்லதுதான், வரட்டும்.

அந்தத் தெருப் பெயரைப் பற்றி ஒன்று. அங்கே ஒரு அரண்மனை இருந்தது, ராஜா வெள்ளைக்காரனுக்குப் பயந்து கடல் வழியாக ஓடிவிட்டார் என்று பாட்டி கதை சொல்வாள், ராஜா எடுத்துப்போன மூக்குத்திகளின் எண்ணிக்கை உட்பட. பத்து வயது வரை நம்பினேன். ஆர்மீனியன் ஸ்ட்ரீட் நம் வாயில் அரண்மனைக்காரத் தெரு ஆகிவிட்டது, அவ்வளவுதான். 1772-ல் கட்டிய ஆர்மீனியன் சர்ச் இன்னும் இருக்கிறது. தனியாக நிற்கும் மணிக்கூண்டு, அதில் ஆறு மணிகள், தரையெல்லாம் கல்லறைக் கல். உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை 1794-ல் இந்த மெட்ராஸில்தான் அச்சானது, அதை நடத்திய ஷ்மவோனியன் பாதிரியாரும் அங்கேதான் படுத்திருக்கிறார். சைதாப்பேட்டைக்குப் போக அடையாற்றின் மேல் முதல் பாலம் கட்டிக் கொடுத்த கோஜா பெட்ரஸ் உஸ்கானும் ஆர்மீனியர்தான். கட்டடம் பளிச்சென்று இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மணியும் அடிக்கிறார்கள். கும்பிடத்தான் ஆர்மீனியர் இல்லை.

நான்கு கட்டடம் தள்ளி அந்தோணியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கள். சுவர் அழுக்கு, வாசலில் மெழுகுவத்திப் பிசுக்கு, ஆள் நிற்க இடம் இருக்காது. இரண்டில் எது உயிரோடு இருக்கிறது என்று கேட்டால் நான் அந்தோணியார் பக்கம்.

ஆகஸ்ட் 22, ராத்திரி

"அப்போ கட்டடத்தைக் காப்பாற்றவே வேண்டாமா" என்று மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள். அப்படிச் சொல்லவில்லை. கோகலே ஹால் நிலைமை தெரியுமா? அன்னி பெசன்ட் 1915-ல் எழுப்பியது, ஹோம் ரூல் பேச்செல்லாம் முழங்கிய இடம். பிற்பாடு கச்சேரி மண்டபம். அப்பா டிக்கெட் வாங்கக் காசில்லாமல் வெளியே நடைபாதையில் நின்று கேட்டிருக்கிறார். பாதி இடித்த பிறகு நீதிமன்றம் தடுத்தது. காப்பாற்றவும் இல்லை, இடித்து முடிக்கவும் இல்லை. மழையில் நனைந்து கொண்டிருக்கிறது.

பச்சையப்பன் மண்டபம் இன்னொன்று. ஏதென்ஸ் கோயிலைப் பார்த்து 1850 வாக்கில் எழுப்பிய பெரிய பெரிய தூண்கள். என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் தினம் லட்சம் பேர் அதன் முன்னால் நடக்கிறார்கள், செல்போன் கவரும் பெல்ட்டும் தொங்குகிற கடைகளுக்கு மேலே ஒருத்தரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நானே முப்பது வயதுக்கு மேல்தான் பார்த்தேன்.

ஆகஸ்ட் 25

திருத்தம். இங்கே முன்பு ஒருவருக்குப் பதில் போடும்போது, ஊரைச் சுற்றி மதில் கட்ட மக்களிடம் வரி பிடுங்கினார்கள், அதனால்தான் வால்டாக்ஸ் ரோடு என்று எழுதினேன். பாதிதான் சரி. ஹைதர் அலி பயத்தில் மதில் கட்டினார்கள், செலவை வரியாகப் போடத் திட்டமும் இருந்தது, ஆனால் வசூலிக்கவே இல்லை. வசூலிக்காத வரிக்கு ஒரு ரோடே மிச்சம். இப்போது காகிதத்தில் அது வ.உ.சி. சாலை, ஆட்டோக்காரரிடம் வால்டாக்ஸ்.

மதிலில் ஒரு துண்டு பழைய ஜெயில் ரோட்டில் இருக்கிறது, மேலே மாடிப் பூங்கா. காதல் ஜோடிகளுக்கு மட்டும் தெரிந்த வரலாற்றுச் சின்னம் என்று வைத்துக்கொள்ளலாம்.

செப்டம்பர் 1

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த இழையில் நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று: ஜார்ஜ் டவுன் பகலில் சாகவில்லை, ராத்திரி சாகிறது.

ராத்திரி ஒன்பதரைக்குத் தம்புச் செட்டித் தெருவில் நடந்து பாருங்கள். காளிகாம்பாள் கோயில் நடை சாத்தியாயிற்று. சிவாஜி 1677-ல் வந்து கும்பிட்டதாகக் கல்லில் எழுதிவைத்த கோயில், பாரதியார் சுதேசமித்திரனில் வேலை பார்த்தபோது வந்து போன கோயில். சாத்திய பிறகு தெருவில் ஷட்டரும் நாயும்தான். மாடியில் விளக்கு தெரியாது. என் சின்ன வயதில் அந்த நேரத்துக்கு ஒவ்வொரு திண்ணையிலும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள், ரேடியோ கேட்கும், எதிர்வீட்டு மாமி குழந்தையை அதட்டுவது கேட்கும்.

வீடெல்லாம் குடோன் ஆகிவிட்டது. வீட்டுக்காரன் பேராசையால் என்று எல்லோரும் சொல்வார்கள். பேராசை இருக்கட்டும், கணக்கைப் பாருங்கள். 1960 வாடகைச் சட்டப்படி பழைய குடித்தனக்காரர் நூறும் இருநூறும் கொடுத்துக்கொண்டு மூன்று தலைமுறை இருப்பார், கிளப்ப முடியாது. அந்தச் சட்டம் 2019-ல்தான் போனது. கிடைக்கிற வாடகையில் வீட்டுக்காரன் ஓட்டைக்கூட மாற்ற முடியாது. கூரையோ மெட்ராஸ் டெரஸ்: தேக்குச் சட்டத்தின் மேல் சின்னச் செங்கல்லைச் சாய்வாக நிறுத்தி, சுண்ணாம்புக் கலவை ஊற்றி, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் தெளித்து, பொம்பளையாட்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்குவது. அதை ஒட்டுப் போடத் தெரிந்த கொத்தனார் இப்போது எங்கே? இருந்தால் அவர் கூலி என்ன? குடித்தனக்காரர் ஒருவழியாகப் போனதும் குடோன்காரர் வருகிறார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று புகார் சொல்ல மாட்டார், கக்கூஸ் கேட்க மாட்டார், ஐந்து மடங்கு வாடகை. காகிதக் கட்டும் துணி பேலும் மாடியில் ஏறுகிறது. நாலு பேர் பாய் விரித்துப் படுப்பதற்குப் போட்ட உத்திரம் அது. பத்து வருஷத்தில் நடு தொய்கிறது. அப்புறம் ஒரு மழை.

நீதிபதி பத்மநாபன் குழு சென்னையில் 467 பாரம்பரியக் கட்டடங்களைப் பட்டியல் போட்டது. பாரம்பரியத்துக்கென்று தனிச் சட்டம் 2012-ல் வந்து, அமலுக்கு வரப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. இந்த மார்ச்சில் தங்கசாலையில் வைத்து வட சென்னை வளர்ச்சித் திட்டத்தையும் தொடங்கியிருக்கிறார்கள். எல்லாம் நல்லது. ஆனால் பட்டியலில் வருவது ஹைகோர்ட், சர்ச், மண்டபம். திண்ணையும் முற்றமும் கிணறும் வைத்த சாதாரண வீட்டுக்கு யார் பட்டியல் போடுவார்கள்? ஊர் என்பது அந்த வீடுகள்தானே?

செப்டம்பர் 1, கொஞ்ச நேரம் கழித்து

"கொத்தவால் சாவடி போனதால்தான் ஊர் படுத்தது" என்கிறார் ஒருவர். இல்லை. 1996-ல் காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனபோது அழுகல் நாற்றமும் லாரியும் போயிற்று என்று அம்மா பக்கத்து உறவுக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்கும் டீக்கடை திறந்திருந்ததும் அதோடு போயிற்று, அதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

செப்டம்பர் 8

ஒரு வாரமாக எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். கணக்கெல்லாம் நன்றாகச் சொன்னீர்கள், உங்கள் வீடு என்ன ஆயிற்று என்று ஒரு தங்கை கேட்டிருந்தார்.

குடோன் ஆயிற்று. விட்டது நாங்கள்தான்.

அப்பாவும் இரண்டு சித்தப்பாக்களும் பங்காளிகள். பாகம் பிரிக்க முடியாத வீடு, பதினாறு அடி அகலம், நூறடிக்கு மேல் நீளம், தீப்பெட்டியைப் படுக்க வைத்த மாதிரி. யாருக்கு முன்கட்டு, யாருக்குக் கிணறு என்று ஆறு வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது. கடைசியில் யாருக்கும் வேண்டாம், வாடகைக்கு விட்டு மூன்றாகப் பிரித்துக்கொள்வோம் என்று முடிவு. காகித வியாபாரி ஒருவர் அட்வான்ஸ் கொடுத்தார். என் இன்ஜினியரிங் டிப்ளமா பீஸ் அதிலிருந்து போனது. பாட்டி மட்டும் வர மறுத்துப் பின்கட்டில் எட்டு மாதம் காகிதக் கட்டுகளோடு தனியாக இருந்தாள். அப்புறம் வில்லிவாக்கம் வந்தாள், சரியாக ஒரு வருஷத்தில் போய்விட்டாள்.

அதனால் செப்டம்பர் 1 பதிவில் "வீட்டுக்காரன்" என்று எழுதிய இடத்திலெல்லாம் என் பெயரைப் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 15

இன்று போனேன். மண்ணடி மெட்ரோவில் இறங்கினேன், 2019-ல் திறந்த ஸ்டேஷன், சுத்தமாக ஏசி போட்டு இருக்கிறது. படியேறி வெளியே வந்தால் பிரகாசம் சாலை. பாப்பம் என்ற வெள்ளைக்கார வக்கீல் பள்ளத்தைத் தூர்த்துப் போட்ட ரோடு அது, அதனால் பாப்பம்ஸ் பிராட்வே. இந்த ஊரில் எல்லா ரோட்டுக்கும் ஒரு வக்கீல் சம்பந்தம் இருக்கும்.

எங்கள் சந்து இருக்கிறது. வீடும் இருக்கிறது. திண்ணையில் பாதியை உடைத்து மீன்பாடி வண்டி ஏறச் சரிவு போட்டிருக்கிறார்கள். மிச்சப் பாதியில் அப்பா சைக்கிள் சாய்த்துச் சாய்த்துத் தேய்ந்த பள்ளம் அப்படியே. உள்ளே முற்றத்துக்கு மேல் தகரம். தேக்குத் தூண் நாலில் மூன்று தெரிகிறது, நாலாவதைச் சுற்றி ஏ4 பெட்டிகள். காகித வாசனை, எலிப் புழுக்கை, இருட்டு. பின்கட்டில் கிணறு. கம்பி வலை போட்டு மூடியிருந்தார்கள், ராட்டினம் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. லேசாகத் தொட்டேன், கிரீச் என்று கத்தியது. அதே சத்தம். விடியற்காலை ஐந்து மணிக்கு அந்தச் சத்தத்தில்தான் சந்து முழுக்க எழுந்திருக்கும்.

காகிதக்காரரின் மகன் இப்போது நடத்துகிறார். மரியாதையான பையன். "அண்ணே, மெட்ரோ தோண்டும்போது சுவரில் ஒரு விரிசல் வந்தது, பூசிட்டோம்" என்று காட்டினார். டீ வாங்கிக் கொடுத்தார். என்ன பேசுவது என்று தெரியாமல் வந்துவிட்டேன்.

வருகிற வழியில் செகண்ட் லைன் பீச்சில் அத்தோ சாப்பிட்டேன். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாடு, வாழைத்தண்டு சூப்போடு. பூண்டு வறுவலை அள்ளிப் போட்டார். விலை ஏறிவிட்டது, ருசி மாறவில்லை.

செப்டம்பர் 16

"அங்கே ஒரு கபே வைக்கலாமே, பழைய வீடு, முற்றம், நல்லா ஓடும்." இதைச் சொன்னவர் இதுவரைக்கும் ஐந்தாவது ஆள். தெருவில் ஸ்கூட்டர் நிறுத்த இடமில்லை என்பது ஒருபக்கம். நூற்றெண்பது ரூபாய்க் காப்பி குடித்துவிட்டு ஏழு மணிக்குக் கார் ஏறுகிறவர்களும் ராத்திரி அங்கே தூங்கப் போவதில்லையே.

அக்டோபர் 6

இந்த வாரம் திருப்பதிக் குடை, திருப்பதிப் பெருமாளுக்கு இங்கிருந்து குடை கொண்டுபோகிற ஊர்வலம். சென்ன கேசவப் பெருமாள் கோயிலில் கிளம்பி யானைகவுனி தாண்டும் வரை கூடவே நடந்தேன். குடை கவுனியைத் தாண்டுவதற்குள் கடனைத் திருப்பாவிட்டால் பெருமாள் பார்த்துக்கொள்வார் என்று சவுகார்பேட்டையில் ஒரு பேச்சு உண்டு. யாரும் கடனைத் திருப்பியதாகத் தெரியவில்லை. சேட்டு வீட்டு அம்மாக்கள் மாடியிலிருந்து பூப் போட்டார்கள். அங்கே மாடியில் ஆள் இருக்கிறது என்பதைக் கவனித்தேன். சவுகார்பேட்டையில் கீழே கடை, மேலே வீடு இன்னும் ஓடுகிறது. பழைய வீட்டை இடித்துக் குறுகலாக நாலு மாடி எழுப்பியிருக்கிறார்கள், பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் பத்து மணிக்கும் தங்கசாலைத் தெருவில் ஜிலேபி சுடுகிறார்கள், குழந்தைகள் ஓடுகின்றன.

அதாவது நான் கொண்டாடும் அழகான பழைய வீட்டில் ஆள் இல்லை, நான் திட்டும் அசிங்கமான புது வீட்டில் ஆள் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 16

மழை வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரியில் காரை மேம்பாலத்தில் ஏற்றி வைத்துவிட்டார்கள். எனக்குக் கார் இல்லை, கூரைதான் இருக்கிறது, மூன்றில் ஒரு பங்கு. காகிதக்காரருக்குப் போன் போட்டேன். முன்கட்டில் ஒழுகுகிறதாம். "பின்கட்டு மாடியில ஒண்ணும் இல்லண்ணே, பசங்க தார்ப்பாய் போட்டுட்டாங்க" என்றார். எந்தப் பசங்க? கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

நவம்பர் 10

நேற்று ராத்திரி எட்டரைக்குப் போனேன், வேண்டுமென்றே அந்த நேரத்துக்கு. பின்கட்டு மாடியில் விளக்கு எரிகிறது.

பீகார்ப் பசங்க ஆறு பேர். பகலில் இதே தெருக்களில் மூட்டை தூக்குகிறார்கள், ஒருவன் கல்யாணப் பத்திரிகைக் கடையில் ஃபாயில் அடிக்கிறான். தலைக்கு இரண்டாயிரம் காகிதக்காரருக்கு. எங்களுக்குத் தெரியாமல் உள்வாடகை, இரண்டு வருஷமாக. சித்தப்பா மகனிடம் சொன்னேன், நோட்டீஸ் விடணும் என்று குதிக்கிறான். விடலாமா என்று எனக்குத் தெரியவில்லை. தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்று அவன் கேட்பதும் நியாயம்தான், காகிதத்துக்கு மேலே அடுப்பு வைத்திருக்கிறார்கள்.

இந்த இழை முழுக்க "ராத்திரி யாரும் இல்லை" என்று எழுதிக்கொண்டிருந்தேன். தெருவிலிருந்து பார்த்தால் பின்கட்டு தெரியாது, நம் ஊர் வீடு அப்படி. இது எனக்குத் தெரியாததா?

பாட்டி கீரை ஆய்கிற மேடையில் ஒருவன் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தான். கிணற்று வலையை ஒருபக்கம் தூக்கி வைத்து இன்னொருவன் தண்ணீர் இறைத்தான். குடம் உள்ளே போனது, மேலே வந்தது, ராட்டினத்தில் சத்தமே இல்லை. ஏன் என்று தெரிந்த இந்தியில் கேட்டேன். தமிழில் பதில் சொன்னான்: "எண்ணெய் போட்டேன் சார். காலையில அஞ்சு மணிக்கு நான் குளிப்பேன். கத்துது, இவனுங்க எழுந்துடறானுங்க, திட்டறானுங்க."